கற்பித்தல் முறை நூல்கள்: புதிய ஆசிரியர் எங்கே தேடுவது, எப்படித் தேர்வது?

52இலிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னால் வகுப்பில் சில பிள்ளைகள் 25 என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். கவனக்குறைவு என்று நினைத்துத் திருத்திக் கொடுப்போம். மறுநாள் 83இலிருந்து 46ஐக் கழிக்கச் சொன்னால் 43 வரும். அப்போதுதான் உறைக்கும், பிள்ளை கவனமாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று எப்போதோ நாம் சொன்னதை ஒவ்வோர் இலக்கத்துக்கும் தனித்தனியாகக் கடைப்பிடித்திருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு இது தெரியாது. 'கற்பித்தல் முறைகள்' என்று ஒரு தடித்த புத்தகம் மட்டும் கையில் இருந்தது. கற்பித்தலுக்கு அதில் பல வரையறைகள் இருந்தன. விரிவுரை முறையின் நிறைகள், குறைகள் இருந்தன. நோக்கங்களை எப்படி எழுதுவது என்று முழு அத்தியாயமே இருந்தது. அந்த 25 மட்டும் எங்கேயும் இல்லை. புத்தகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது வேறு தேவைக்கு எழுதப்பட்டது. தவறான அலமாரியில் கைவைத்தது நான்தான். நீங்களும் அங்கே கைவைக்காமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வரி எழுதுங்கள்

"ஏதாவது நல்ல புத்தகம் சொல்லுங்கள் சார்" என்று கேட்டால் யாரிடமிருந்தும் உருப்படியான பதில் வராது. வகுப்பு, பாடம், அலகு, சிக்கல் நான்கும் ஒரே வரியில் இருக்க வேண்டும். 'மூன்றாம் வகுப்பு, கணிதம், கடன் வாங்கிக் கழித்தல், ஒரு பத்தைக் கலைத்தால் பத்து ஒன்றுகள் ஆகும் என்பது பிடிபடவில்லை.' 'ஒன்பதாம் வகுப்பு, இயற்பியல், மின்சுற்று, பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்று நினைக்கிறார்கள்.' இப்படி எழுத வரவில்லையா? புத்தகத்தை அப்புறம் தேடலாம், இரண்டு நாள் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டுங்கள்.

எழுதும்போதே இன்னொன்றையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கல் உண்மையில் பாடத்தில்தானா? வகுப்பு அடங்க மாட்டேன் என்கிறது என்றால் உங்களுக்கு வேண்டியது வகுப்பறை மேலாண்மை பற்றிய நூல், அது வேறு இடத்தில் இருக்கும். குறை எண்ணை குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை வருகிறது என்று உங்களுக்கே தெளிவில்லை என்றால் முதலில் கணித நூல், பிறகு கணிதம் கற்பிக்கும் நூல். இதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். எல்லோருக்கும் ஏதோ ஒரு பாடத்தில் இந்த ஓட்டை இருக்கிறது.

ஒரே பெயரில் ஐந்து சரக்கு

'கற்பித்தல்' என்ற சொல்லை அட்டையில் போட்டுக்கொண்டு ஐந்து வகைப் புத்தகங்கள் வருகின்றன.

கல்விக் கோட்பாடு, கற்றல் உளவியல் பேசும் பொது நூல்கள் ஒரு வகை. அவற்றை வருடத்துக்கு ஒன்றிரண்டு படித்தால் நல்லது, ஆனால் திங்கட்கிழமை காலை வகுப்புக்கு அவற்றிலிருந்து எதுவும் எடுக்க முடியாது. பயிற்சிக் கல்லூரித் தேர்வுக்கு எழுதப்பட்டவை இரண்டாம் வகை. வரையறை, வகைகள், நிறைகுறை என்று புள்ளி புள்ளியாக இருக்கும், தேர்வுக்குக் கச்சிதம். மூன்றாவது, செயல்பாட்டுத் தொகுப்புகள். 'நூறு எளிய சோதனைகள்' என்கிற பாணியில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தச் சோதனை எந்தக் கருத்துக்கு, அதைச் செய்த பிறகு பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் இருக்காது. நான்காவது, பாடநூலோடு வரும் ஆசிரியர் கையேடு. பலர் அதைப் பிரிப்பதே இல்லை. முதலில் அதைப் பிரித்துவிடுங்கள், கையிலேயே இருக்கிறதே.

நாம் தேடுவது ஐந்தாவது வகை. குறிப்பிட்ட பாடத்தின் குறிப்பிட்ட கருத்தில் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள், ஏன் இடறுகிறார்கள், அங்கே ஆசிரியர் என்ன காட்டலாம், என்ன கேட்கலாம் என்று பேசும் நூல். பாடத்தை அறிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று, இரண்டும் கலந்த தனி அறிவு ஒன்று ஆசிரியருக்கு உண்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அந்த அறிவுக்கு அவர் வைத்த பெயரை ஆங்கிலத்தில் 'பெடகாஜிகல் கன்டென்ட் நாலெட்ஜ்' என்பார்கள், தமிழில் பாடஞ்சார் கற்பித்தல் அறிவு என்று சொல்லலாம். ஆய்வுக் கட்டுரைகளில் சுருக்கமாக 'பிசிகே' என்று வரும். தேடுபெட்டியில் பாடத்தின் பெயரோடு இந்தச் சொல்லையும் தட்டினால் வடிகட்டி வைத்தாற்போல் நூல்கள் வரும்.

தேடும் சொல்லில்தான் பாதி வேலை

தமிழில் தேடுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள். நம் மொழியில் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள். இன்று அறிவியல் என்கிறோம். பழைய நூல்களிலும் இலங்கை நூல்களிலும் அது விஞ்ஞானம். இயற்பியல் முன்பு பௌதிகம், வேதியியல் இரசாயனம், புவியியல் பூகோளம், வரலாறு சரித்திரம். 'கற்பித்தல்' என்பதும் அப்படித்தான். பயிற்றல், பயிற்றும் முறை, போதனா முறை, கற்பித்தல் முறையியல் என்று காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். ஆகவே 'அறிவியல் கற்பித்தல்' என்று ஒருமுறை தட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். 'விஞ்ஞானம்', 'பயிற்றும் முறை', 'ஆசிரியர் கைநூல்', 'ஆசிரியர் வழிகாட்டி' என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நூற்பட்டியல்களில் சந்தி எழுத்தும் தொல்லை தரும். 'கணிதக் கற்பித்தல்', 'கணிதம் கற்பித்தல்', 'கணிதத்தைக் கற்பித்தல்' மூன்றும் இயந்திரத்துக்கு வேறு வேறு. சந்தேகம் வந்தால் 'கணித' என்று மட்டும் போட்டுவிட்டு, வரும் பட்டியலைக் கண்ணால் மேய்வதே மேல்.

ஆங்கிலத்தில் தேடினால் நூலகங்கள் வழக்கமாக வைத்திருக்கும் பொருள் தலைப்பு ஒன்று இருக்கிறது. பாடத்தின் பெயர், அதன் பின்னால் 'ஸ்டடி அண்ட் டீச்சிங்'. அதற்கும் பின்னால் அடைப்புக்குள் 'எலிமெண்டரி' அல்லது 'செகண்டரி' என்று நிலை வரும். தலைப்பில் தேடுவதை விட்டு, பொருள் என்ற கட்டத்தில் இந்தச் சொற்றொடரைப் போட்டால், அட்டையில் 'டீச்சிங்' என்ற சொல்லே இல்லாத நல்ல நூல்கள்கூட மாட்டும். ஐரோப்பிய ஆசிரியர்கள் எழுதியவற்றைத் தேடினால் 'டைடாக்டிக்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடவாரிக் கற்பித்தலை அவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நூலகத்தில் எந்த அலமாரி?

பல நூலகங்கள் டூயி தசமப் பகுப்பு முறைப்படி நூல்களை அடுக்குகின்றன. 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட முறை அது. (கல்வித் தத்துவம் எழுதிய ஜான் டூயி வேறு ஆள். கல்வி அலமாரி முன்னால் நின்றுகொண்டே இருவரையும் குழப்பிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.) இந்த முறையில் கல்விக்கு 370. பொதுவான கற்பித்தல் முறைகள் 371.3இல் இருக்கும். புதியவர்கள் அங்கே போய் நின்று, மேலே சொன்ன முதல் இரண்டு வகை நூல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

தொடக்கநிலைப் பாடங்களுக்கு 372க்குப் போங்கள். 372.35இல் அறிவியல், 372.4இல் வாசிப்பு, 372.6இல் மொழித்திறன்கள், 372.7இல் கணிதம், 372.89இல் வரலாறும் புவியியலும் இருக்கும்.

உயர்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்குத்தான் கண்ணாமூச்சி. உயர்நிலைக் கணிதம் கற்பிக்கும் நூல் கல்விப் பகுதியிலேயே இருக்காது. கணித அலமாரியில், பாடத்தின் எண்ணோடு 071 என்ற ஒட்டு சேர்ந்து நிற்கும். கணிதத்துக்கு 510.71, இயற்பியலுக்கு 530.071, வேதியியலுக்கு 540.71, பொது அறிவியலுக்கு 507.1, வரலாற்றுக்கு 907.1. சுழிகளின் எண்ணிக்கை பாடத்துக்குப் பாடம் மாறும், 71 என்பதைக் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும். அதற்குப் பின்னால் ஒரு 2 ஒட்டியிருந்தால் உயர்நிலைக்கு என்று பொருள். சிறிய நூலகங்களில் இவ்வளவு துல்லியமாக எண் போடமாட்டார்கள், எல்லாவற்றையும் 370இலேயே குவித்திருப்பார்கள். அங்கே நூலகரிடம் அந்த ஒரு வரிச் சீட்டை நீட்டுவதுதான் குறுக்கு வழி.

எண்ணைப் பிடித்துப் போன புத்தகத்தை எடுத்ததும் திரும்பிவிடாதீர்கள். அதற்கு இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என்று உருவிப் பாருங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட இரண்டு நூல்கள் நான் தேடிப் போனவை அல்ல, பக்கத்தில் நின்றவை.

வீட்டிலிருந்தே தேட

இது சுருக்கம்தான். அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் 'எரிக்' என்ற தரவுத்தளம் 1960களிலிருந்து கல்வி ஆய்வுகளைத் தொகுத்து வருகிறது, பார்க்கக் கட்டணமில்லை, பல ஆவணங்களை முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம். யுனெஸ்கோவின் மின்னூலகமும் இலவசம். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் பதிப்பகம் தன் நூல்களின் பிடிஎஃப் வடிவை 2011 முதல் இலவசமாகத் தருகிறது. கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றைப் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பது பற்றிய அதன் தொகுப்புகள் கனமானவை, ஆனால் உழைப்புக்குப் பலன் உண்டு. பழைய நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். எந்த நூலகத்தில் ஒரு நூல் இருக்கிறது என்று பார்க்க வேர்ல்டுகேட்.

பாட ஆசிரியர் சங்கங்களை மறக்காதீர்கள். பிரிட்டனில் வடிவியல் கற்பித்தலைச் சீர்படுத்தவென்று 1871இல் தொடங்கிய சங்கம்தான் இன்றைய மேத்தமட்டிகல் அசோசியேஷன். அமெரிக்காவில் ஆங்கில ஆசிரியர்களின் தேசியப் பேரவை 1911இலும் கணித ஆசிரியர்களுடையது 1920இலும் தொடங்கின. இத்தகைய சங்கங்களின் இதழ்களில் நூல் மதிப்புரைகள் வரும். விற்பனைத் தளங்களில் கிடைக்கும் நட்சத்திரங்களைவிட, அதே பாடத்தை எடுக்கும் ஆசிரியர் எழுதிய ஒரு பக்க மதிப்புரை மேல்.

பதினைந்து நிமிடச் சோதனை

நூல் கைக்கு வந்துவிட்டது. காசு கொடுப்பதற்கு முன், அல்லது இரவல் பதிவேட்டில் எழுதுவதற்கு முன், ஓர் ஓரமாக உட்காருங்கள்.

முன்னுரையைத் தள்ளிவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் அலகை எடுங்கள். பலமுறை நடத்தி, பிள்ளைகளின் தவறுகள் உங்களுக்கு மனப்பாடமான அலகாக அது இருக்க வேண்டும். பின்னம் என்று வைத்துக்கொள்வோம். நான்கைவிட எட்டு பெரியது என்பதால் காலைவிட அரைக்கால் பெரியது என்று பிள்ளை சொல்வதை இந்த நூல் பேசுகிறதா? மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்து ஏழில் இரண்டு என்று எழுதுவதைப் பேசுகிறதா? பேசினால், 'விளக்கிக் கூறவும்' என்று முடித்துவிடுகிறதா, அல்லது என்ன படம், என்ன பொருள், என்ன கேள்வி என்று காட்டுகிறதா? தெரிந்த அலகில் நூல் நேர்மையாக இருந்தால் தெரியாத அலகிலும் நம்பலாம். தெரியாத அலகை வைத்துச் சோதித்தால் எல்லா நூலும் அருமையாகத்தான் தோன்றும்.

அடுத்து, வகுப்பறைப் பேச்சு எங்காவது அப்படியே அச்சாகியிருக்கிறதா என்று புரட்டுங்கள். பிள்ளை சொன்னது, ஆசிரியர் திருப்பிக் கேட்டது, பிள்ளை எழுதிய தவறான விடையின் படம், இப்படி எதுவாக இருந்தாலும் சரி. இருந்தால் எழுதியவர் வகுப்பில் நின்றவர் என்று தெரிந்துவிடும்.

சில அபாய விளக்குகளும் உண்டு. 'படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்' என்ற பிரமிடுப் படம் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்களுக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது. அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வரைந்த அனுபவக் கூம்பின் பெயரில் அவை உலவுகின்றன, அவர் வரைந்த கூம்பில் எண்களே இல்லை. இன்னொன்று, பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து அதற்கேற்ப நடத்தச் சொல்வது. 2008இல் உளவியலாளர்கள் நால்வர், அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதுமான சான்று இல்லை என்று எழுதினார்கள். இவற்றில் ஒன்று இருந்தால் நூலைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. மற்ற பக்கங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள், அவ்வளவுதான்.

பாடத்துக்குப் பாடம் எதைப் பார்ப்பது?

கணிதத்தைப் பற்றி மேலே நிறையச் சொல்லிவிட்டேன். இன்னொரு சின்னச் சோதனை மட்டும். 8 + 4 = ☐ + 5 என்று எழுதினால் பெட்டிக்குள் 12 என்று போடும் பிள்ளைகள் ஏராளம். சமக்குறியை 'விடை வருகிறது' என்று படிக்கிறார்கள். தொடக்கநிலைக் கணித நூல் ஒன்றில் சமக்குறியைப் பற்றி ஒரு பத்தியாவது இல்லை என்றால் எனக்கு அந்த நூல் வேண்டாம்.

அறிவியலில், பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நம்பிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கும் நூலைத் தேடுங்கள். பூமி சூரியனுக்கு அருகில் போனால் கோடை என்பது பெரியவர்களுக்கும் உள்ள நம்பிக்கை. உண்மையில் சனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது, அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். இந்த முரணை வகுப்பில் எப்போது அவிழ்ப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் கற்பித்தல் நூல். மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறது என்பது இன்னொரு நம்பிக்கை. பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் ஒரு வில்லோக் கன்றை எடையிட்ட மண்ணில் ஐந்து வருடம் வளர்த்தார். மரம் ஐந்து பவுண்டிலிருந்து 169 பவுண்டு ஆனது, மண் இரண்டு அவுன்ஸ் அளவே குறைந்தது. அவரும் எல்லாம் தண்ணீரால் என்று நினைத்து, காற்றைக் கணக்கில் எடுக்காமல் பாதி வழியில் நின்றார். அந்தப் பாதி வழியைப் பிள்ளைகளைக் கொண்டு கடக்க வைக்கும் பாடத்திட்டம் ஏதாவது நூலில் இருந்தால் உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொழிப்பாடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. தாய்மொழி கற்பிப்பதும் இரண்டாம் மொழி கற்பிப்பதும் வேறு தொழில்கள், நூல்களும் வேறு. இரண்டாம் மொழிக்கான நூலை எடுத்து வந்து தாய்மொழி வகுப்பில் உரையாடல் பயிற்சி நடத்தினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர்களுக்குப் பேசத் தெரியும், எழுத்துதான் சிக்கல். அதேபோல் வாசிப்பு பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் தந்த அறிக்கை ஒலியுணர்வு, எழுத்தும் ஒலியும், சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்று ஐந்து கூறுகளைச் சொன்னது, இன்றைய நூல்கள் பல அதைச் சுற்றியே எழுதப்படுகின்றன. கடைசி மூன்றைத் தமிழுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டில் கவனம் தேவை. ஆங்கிலப் பிள்ளை 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு தாறுமாறான எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டுகிறது. நம் பிள்ளைக்கு முன்னால் 247 எழுத்துகள், அவற்றில் 216 உயிர்மெய். ஒழுங்கு இருக்கிறது, ஆனால் 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்ற மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதைப் பேசாத வாசிப்பு நூல் தமிழ் ஆசிரியருக்குப் பாதிதான் உதவும்.

வரலாற்றுக்கு, மூலச் சான்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து 'இதை எழுதியது யார், எப்போது, யாருக்காக' என்று கேட்க வைக்கும் நூல். புவியியலுக்கு, தயாரான வரைபடத்தில் நிறம் தீட்ட வைப்பதைவிட, பிள்ளையே தன் வகுப்பறையை மேலிருந்து பார்த்து வரையத் தொடங்கும் நூல். ஓவியம், இசை, உடற்கல்விக்குப் புத்தகத்தைவிடச் செய்து காட்டும் காணொளி அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

பழைய புத்தகம் என்று ஒதுக்கலாமா?

பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தவறு ஐம்பது வருடத்தில் மாறிவிடவில்லை. போரில் பள்ளிகள் அழிந்த நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்காக 1940களின் இறுதியில் வந்த சிறு கையேட்டிலிருந்து வளர்ந்ததுதான் 1956இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிவியல் கற்பித்தல் மூலநூல். டப்பா, குச்சி, கண்ணாடிக் குப்பி வைத்துச் சோதனை செய்யச் சொல்லும் அது இன்றும் உதவுகிறது. ஆனால் பழைய ஆய்வக நூல்களில் பாதரசத்தைக் கையால் தொடச் சொல்வார்கள், கல்நார் பூசிய கம்பி வலையை வைக்கச் சொல்வார்கள். அவற்றை அப்படியே செய்துவிடாதீர்கள். கோள்கள் ஒன்பது என்று இருந்தால் 2006க்கு முந்தைய நூல், அந்த வரியைத் திருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

கையில் வந்த பிறகு

முழுப் புத்தகத்தையும் படிக்க உட்காராதீர்கள். உங்கள் ஒரு வரிச் சீட்டுக்கு உரிய அத்தியாயத்தை மட்டும் படித்து, அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியையோ ஒரு செயலையோ நாளைய பாடக்குறிப்பில் எழுதுங்கள். வகுப்பு முடிந்ததும் அதே சீட்டின் பின்பக்கத்தில் பிள்ளைகள் சொன்னதை இரண்டு வரி எழுதி, நூலின் பெயர், பக்க எண், நூலக எண் மூன்றையும் குறித்துவையுங்கள். ஒருமுறை வேலை செய்யவில்லை என்றால் கேள்வியை மாற்றி இன்னொரு பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

நூலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள மேற்கோள் பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு நூல்களின் பட்டியல்களில் ஒரே பெயர் மூன்று முறை வந்தால் அதுதான் அடுத்து இரவல் வாங்க வேண்டியது.